மறுப்பு வேறு, இழிவு வேறு

எங்கள் ஊர் கீரனூர். பழனி வட்டத்தைச் சேர்ந்த பேரூர். நான் வாலிபனாக இருந்த காலத்தில் அது மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1985-இல் திண்டுக்கல் மாவட்டம் பிரிந்தபோது அதனோடு சேர்ந்தது. மாவட்டத்தின் பெயர் மாறியும் மாறாத பழக்கங்கள் பல எங்களிடம் உண்டு. திருமணத்திற்கு ஆள் பார்க்கும் முறை அவற்றுள் ஒன்று. அதைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன். சொல்வதில் எனக்குக் கூச்சம் இருக்கிறது. ஏனெனில், குறை கூறப் போகும் பழக்கத்திற்கு நானும் உடந்தையாக இருந்தவன்.

என் தங்கையின் மகன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். தொழுகை தவறாதவன், தாய் சொல்லைத் தட்டாதவன், மெலிந்த உடம்பு, மாநிறம். அவனுக்கு இருபத்தேழு வயதானபோது பெண் தேடத் தொடங்கினோம். தரகர் கேட்டபடி அவனது புகைப்படத்தைக் கைப்பேசி வழியே அனுப்பி வைத்தோம். இரண்டு நாள் கழித்துத் தரகரிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. பெண் வீட்டுப் பெண்கள் தமக்குள் பேசிக்கொண்டது, கை தவறி எங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

“சட்டை மட்டும்தானே தெரியுது, மாப்பிள்ளையைக் காணோமே!” என்றது ஒரு குரல். “காற்றடித்தால் பழனிக்கே பறந்துவிடுவான்” என்றது மற்றொன்று. அதற்கு மேல் அவன் உடம்பைப் பற்றி அவர்கள் சொல்லிச் சிரித்ததை இந்தப் பக்கங்களில் எழுத இயலாது. என் தங்கை கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். ஆனால், அதற்குள் பையன் கேட்டுவிட்டான். ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போனான்.

அந்த மாதமே திருப்பூரில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தான். உடலைப் பேணுவது நல்லதுதானே என்று நாங்களும் மகிழ்ந்தோம். எட்டு மாதத்தில் தோள் அகன்றது, கழுத்துத் தடித்தது. பெருநாளைக்கு ஊருக்கு வந்தபோது பழைய சட்டைகள் ஒன்றும் சேரவில்லை. கூடவே முகமெல்லாம் பரு, தூக்கமின்மை, எதற்கெடுத்தாலும் சினம். திண்டுக்கல்லில் ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் தனியாக வைத்துக் கேட்டபோதுதான், யாரோ ஒருவர் பேச்சைக் கேட்டுத் தசை வளர்க்கும் ஊசிகள் போட்டுக்கொண்டிருந்தது வெளிப்பட்டது.

மருத்துவர் எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். ஆண்மைக்குரிய சுரப்பை ஊசி வழியே வெளியிலிருந்து செலுத்தினால், உடல் தானாகச் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும். உயிரணு உற்பத்தி குறையும். இதயத்திற்கும் ஈரலுக்கும் கேடு வரலாம். ஊசியை நிறுத்தினாலும் உடல் பழைய நிலைக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். ஆணாகத் தோன்றுவதற்காக ஆண்மையையே அடகு வைத்திருக்கிறான் பிள்ளை என்பதை உணர்ந்தபோது எனக்கு நெஞ்சு நடுங்கிற்று.

அன்றிரவு வீட்டில் நான் அந்தப் பெண் வீட்டாரைக் கடிந்து பேசினேன். “பெண்கள் பேசுகிற பேச்சா இது? ஓர் ஆண்பிள்ளையை ஆட்டுச் சந்தையில் பார்ப்பது போலவா பார்ப்பது?” என்றேன். என் மகள் குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:

“அத்தா, மச்சானுக்கு நேர்ந்தது தப்புத்தான். ஆனால், என்னை ஐந்து வீட்டார் வந்து பார்த்துப் போனார்களே, அப்போது நீங்கள் சந்தை என்று சொல்லவில்லையே? ‘அவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள், சிரித்த முகமாக உட்கார்’ என்றல்லவா சொன்னீர்கள்?”

என்னால் மறுமொழி கூற முடியவில்லை. மகள் அறியாத இன்னொன்றும் என் நினைவுக்கு வந்தது. 1983-இல் எனக்குப் பெண் பார்க்க என் தாயாரும் மாமிமார்களும் வண்டி கட்டிக்கொண்டு ஒரு பக்கத்து ஊருக்குப் போனார்கள். திரும்பி வந்து, அந்தப் பெண்ணின் பல்லைப் பற்றியும் நடையைப் பற்றியும் நடித்துக் காட்டினார்கள். திண்ணையில் இருந்தபடி நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். அந்தப் பெண் இருந்த இடத்தில் இன்று என் தங்கை மகன் இருக்கிறான். சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு.

வாசகர்களே, இதைத்தான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மனிதரைப் பண்டமாக்கிப் பார்க்கும் பார்வை நெடுங்காலம் பெண்ணின் மீதே படிந்திருந்தது. நம் நாட்டில் பெண்களை இழிவாகச் சித்திரிப்பதைத் தடுக்க 1986-இல் ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. இப்பொழுது அதே பார்வை ஆணின் பக்கமும் திரும்பியிருக்கிறது. ஆண்களுக்கென்றே சிவப்பழகுப் பசை 2005-இல் நம் கடைகளுக்கு வந்தது. 2008-இல் ‘வாரணம் ஆயிரம்’ படத்தில் நடிகர் சூர்யாவின் கட்டுடல் பேசப்பட்ட பிறகு, வயிற்றில் ஆறு கட்டுத் தசை என்பது நம் ஊர்ப் பையன்களுக்கும் ஒரு கனவாயிற்று.

இது நம் நாட்டோடு நிற்பதுமன்று. அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரிசன் போப்பும் அவர் குழுவினரும் 1999-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறுவர்கள் விளையாடும் படைவீரன் பொம்மைகளை அவர்கள் அளந்து பார்த்தார்கள். பொம்மையை உண்மையான மனிதனின் உயரத்திற்கு வளர்த்துக் கணக்கிட்டால், 1964-இல் வந்த பொம்மையின் புயம் ஏறத்தாழ 12 அங்குலம். 1998 வாக்கில் வந்ததன் புயம் 26 அங்குலத்திற்கும் மேல்! எந்த மனிதனுக்கும் இல்லாத உடம்பைக் காட்டி, ‘இதுவே ஆண்’ என்று பச்சிளம் பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கிறார்கள்.

“பெண்கள் பட்டதை ஆண்களும் படட்டுமே, அதுவும் ஒரு சமத்துவந்தானே!” என்று சிலர் கேட்கிறார்கள். என் மகள் கூட முதலில் அப்படி நினைத்ததாகப் பிறகு சொன்னாள். ஆனால், எங்கள் வீட்டில் நிகழ்ந்தது வேறு. தோள் அகன்ற பிறகு என் மருமகன் தன் தாயிடம் என்ன சொன்னான் தெரியுமா? “இனி எனக்குச் சிவப்பான பெண்ணாகப் பாருங்கள். ஒல்லியும் வேண்டாம், பருமனும் வேண்டாம்” என்றான். அதற்கு முன் அவன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததில்லை. தன் உடம்பை அளந்தவர்கள் கையிலிருந்த முழக்கோலைப் பிடுங்கி, எங்கோ இருக்கும் மற்றொரு பெண்ணை அளக்கப் புறப்பட்டுவிட்டான். ஆண் பட்ட காயம் பெண்ணின் காயத்தை ஆற்றவில்லை. அதை இன்னும் ஆழமாக்கிற்று.

இரு தரப்பாரின் இழப்பும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. மறுக்கப்பட்ட ஆண் மறுநாள் வேலைக்குப் போய்விடுகிறான். மறுக்கப்பட்ட பெண்ணின் வீட்டிலோ கைக்கூலியின் தொகை ஏறுகிறது. தங்கைகளின் திருமணம் தள்ளிப் போகிறது. வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961-இல் வந்தும், மணமகன் பெண்ணுக்கு மஹர் கொடுக்க வேண்டும் என்று மார்க்கம் விதித்திருந்தும், நம் வீடுகளில் பணம் எதிர்த்திசையில்தான் ஓடுகிறது. மாப்பிள்ளைக்கு விலை குறித்தவர்கள் நாம். விலை குறித்த பண்டத்தைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவோம் என்று எதிர்த்தரப்பார் எண்ணினால், அந்த எண்ணத்தை விதைத்தவர்கள் யார்?

ஆணைப் பண்டமாகப் பார்த்த செய்தி நமக்குப் புதியதன்று. நபி யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றைத் திருமறையின் 12-ஆம் அத்தியாயம் விரிவாகச் சொல்கிறது. அற்பமான சில வெள்ளிக் காசுகளுக்கு விற்கப்பட்ட அந்த இளைஞரை, வாங்கியவரின் மனைவியே கதவுகளை அடைத்துவிட்டுத் தன் விருப்பத்திற்கு அழைத்தார். நகரப் பெண்கள் அவர் அழகைக் கண்டு தம் கைகளையே அறுத்துக்கொண்டார்கள். அவரோ அந்த அழைப்பைவிடச் சிறையே மேல் என்று இறைவனிடம் இறைஞ்சினார். அரசர் அழைத்தபோதும், அந்தப் பெண்களின் விவகாரம் விசாரிக்கப்பட வேண்டும் என்று கேட்டு, தம் தூய்மை நிலைநாட்டப்பட்ட பின்னரே சிறையை விட்டு வெளிவந்தார். ஆணுக்கும் நாணம் உண்டு, கற்பு உண்டு, அதைக் காக்கும் உரிமை உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அங்கே எளியவராக இருந்தவர் ஆண். அதிகாரம் பெண்ணின் கையில் இருந்தது. அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் அந்தப் பார்வை பிறக்கிறது.

இதை மறந்து, “ஆண்பிள்ளைக்கு என்ன?” என்று சிரித்து ஒதுக்குவதால் விளையும் கேடு பெரிது. மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் 52.94 விழுக்காட்டினர் சிறுவர்கள். 2012-இல் வந்த போக்சோ சட்டம் ஆண், பெண் என்ற வேறுபாடின்றி எல்லாக் குழந்தைகளுக்கும் காவலாக நிற்கிறது. ஆனால், 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், வயது வந்த ஆணுக்கு இழைக்கப்படும் பாலியல் வன்கொடுமைக்கெனத் தனிப் பிரிவு இல்லை. ஆண் காயப்பட மாட்டான் என்ற எண்ணமும், பெண் காயப்படவே பிறந்தவள் என்ற எண்ணமும் ஒரே வேரில் முளைத்த இரு கிளைகள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை வெட்ட முடியாது.

அப்படியானால் பெண் ஆணைப் பார்க்கவே கூடாதா? அழகை விரும்பக் கூடாதா? அப்படியன்று. மணம் பேசும் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதை மார்க்கம் அனுமதிக்கிறது. நபித்தோழர் ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவியார் அண்ணலாரிடம் வந்து, கணவரின் மார்க்கப் பற்றிலோ குணத்திலோ தமக்குக் குறையில்லை என்றும், ஆயினும் அவரோடு வாழத் தம்மால் இயலவில்லை என்றும் முறையிட்ட வரலாறு நாம் அறிந்ததே. மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தரச் செய்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்த அம்மையாருக்கு விடுதலை பெற்றுத் தந்தார்கள். அந்த அம்மையாருக்கு விருப்பமின்மை இருந்தது. அதைச் சொல்லும் உரிமையும் இருந்தது. ஆனால், கணவரின் நற்குணத்திற்குச் சான்று சொல்லிவிட்டே பிரிவைக் கேட்டார். மறுப்பு வேறு, இழிவு வேறு. அன்று அந்தப் பெண் வீட்டார் “எங்களுக்குப் பொருந்தவில்லை” என்று மட்டும் சொல்லியிருந்தால், என் மருமகன் ஒரு நாள் வருந்தியிருப்பான், மறுநாள் மறந்திருப்பான்.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் மார்த்தா நுஸ்பாம் 1995-இல் எழுதிய கட்டுரையொன்றில், மனிதரைப் பொருளாகக் கருதுவதன் அடையாளங்கள் ஏழினை எடுத்துரைத்தார். ஒருவரைத் தம் தேவைக்குரிய கருவியாகக் கொள்வது, அவர் உணர்வைக் கணக்கில் எடுக்காதிருப்பது, இவர் இல்லாவிட்டால் இன்னொருவர் என்று மாற்றிக்கொள்வது ஆகியன அவற்றுள் சில. இவற்றைப் படித்தபோது எங்கள் ஊர்த் தரகரின் கைப்பேசிதான் என் கண்முன் நின்றது. ஒரு விரல் தள்ளினால் ஒரு முகம் போகிறது. மறு முகம் வருகிறது. அம்முகங்களுக்குப் பின்னே செவிகள் உண்டு, நெஞ்சங்கள் உண்டு என்பதை யாரும் எண்ணுவதில்லை.

திருமறையின் 24-ஆம் அத்தியாயம் பார்வையைத் தாழ்த்தும்படி முதலில் நம்பிக்கை கொண்ட ஆண்களுக்குக் கட்டளையிடுகிறது. அடுத்த வசனத்தில் அதே கட்டளை பெண்களுக்கும் வருகிறது. பெண்ணுக்கு மட்டும் அதைப் போதித்து வந்த நாம், முதலில் விளிக்கப்பட்டவர்கள் ஆண்கள் என்பதை மறந்தோம். இரு பாலாரும் சமமாக ஏற்க வேண்டிய ஒழுக்கம் அது. ஒருவர் பார்வையை மற்றவர் பழி வாங்குவது சமத்துவம் ஆகாது. இருவரும் மற்றவரை மனிதராகக் காண்பதே சமத்துவம்.

என் மருமகன் இப்போது ஊசிகளை விட்டுவிட்டான். உடம்பு மெல்ல மெல்லத் தேறி வருகிறது. பழைய சட்டைகள் மறுபடி சேரத் தொடங்கியிருக்கின்றன. ஒரு நாள் அவனை அருகே அமர்த்தி, 1983-இல் நான் திண்ணையில் சிரித்த கதையைச் சொன்னேன். நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன், “அந்தப் பெண்ணுக்கு அது தெரியுமா மாமா?” என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அன்றிரவே அவன் தன் தாயிடம், “நிறத்தைப் பற்றி நான் சொன்னதை மறந்துவிடுங்கள் அம்மா” என்றானாம்.

சென்ற மாதம் மீண்டும் தரகர் வந்தார், புகைப்படம் கேட்டார். “படம் அனுப்புவதாக இல்லை. பெண் வீட்டார் வரட்டும், அல்லது நாங்கள் போகிறோம். பிள்ளைகள் இருவரும் பெரியவர்கள் முன்னிலையில் பேசட்டும். பிடிக்கவில்லையென்றால் ஒரு சொல்லில் சொல்லிவிடலாம், காரணம் கேட்க மாட்டோம், நாங்களும் சொல்ல மாட்டோம்” என்றேன். “இப்படியெல்லாம் பார்த்தால் சம்பந்தம் அமையாது பாய்” என்று சொல்லிப் போனார். அமையட்டும், அமையாது போகட்டும். என் திண்ணையில் இனி அந்தச் சிரிப்பு கேட்காது.

நம் பிள்ளைகளை, ஆணாயினும் பெண்ணாயினும், அளந்து பார்க்கும் கண்களிலிருந்து வல்ல இறைவன் காத்தருள்வானாக! அளந்து பார்த்த நம் கண்களையும் அவன் மன்னித்தருள்வானாக!