தூதுவன் வரவேண்டியதில்லை!

வகுப்பிலே ஒருநாள், ‘இராசராசன் காலத்தில் நான்’ என்னும் தலைப்பிலே கட்டுரை எழுதச் சொன்னோம். ஏடுகள் வந்தன. படைத்தலைவர்கள் பலர்! அமைச்சர்கள் சிலர்! மன்னனாகவே முடிசூடிக்கொண்டவர்களும் உண்டு! ஒரே ஒரு சிறுமி மட்டும், “நான் கல் சுமந்திருப்பேன் ஐயா, என் அம்மாவும் சுமந்திருப்பார்” என்று எழுதியிருந்தாள்.

அந்த ஒரு வரி, நாம் இருமுறை கண்ட ஒரு திரைப்படத்தை நினைவிலே கொண்டுவந்து நிறுத்திற்று.

2010ஆம் ஆண்டு பொங்கலன்று வெளிவந்தது, செல்வராகவன் இயக்கிய ‘ஆயிரத்தில் ஒருவன்’. 1279இல் சோழப் பேரரசு பாண்டியரிடம் வீழ்கிறது. இளவரசனைக் காப்பாற்ற, பாண்டியரின் குலதெய்வச் சிலையையும் எடுத்துக்கொண்டு ஒரு கூட்டம் கடல் கடக்கிறது. எழுநூறு ஆண்டுகளுக்குப் பின், அவர்களைத் தேடிச் சென்று காணாமற்போன தொல்லியல் அறிஞரைத் தேடி மற்றொரு கூட்டம் புறப்படுகிறது. சாகசமாகத் தொடங்கி, மாயமாக மாறி, போராக முடியும் கதை. காலம் மாறியும் பகை மாறவில்லை. தேடிச் செல்லும் அனிதாவே பாண்டியர் வழிவந்தவள்!

அன்று நாம் பள்ளிச் சிறுவன். ‘தஞ்சை’ என்ற சொல் திரையிலே ஒலித்ததும் மார்பு விம்மிற்று. வீட்டுக்கு ஓடிவந்து, “நாமெல்லாம் சோழர் பரம்பரை, பாட்டி!” என்று முழங்கினோம். ஆயுள் முழுதும் பிறர் வயலிலே நாற்று நட்ட பாட்டி சிரித்தாள். “ஏன்டா தம்பி, அந்த ராசா நமக்கு எத்தன மரக்கா நெல்லு அளந்தாரு?” என்றாள்.

விடை தெரியவில்லை. பட்டம் பெற்று, கல்வெட்டுகளைப் படித்த பிறகே தெரிந்தது. 1010இல் பெரிய கோயில் எழுந்து முடிந்தது. எத்தனை பொன், எத்தனை விளக்கு, யாவும் கல்லிலே உண்டு. பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவருக்கு வீடும், ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல்லும் உண்டு. பெருந்தச்சன் பெயரும் உண்டு. வரி நீக்கிய நிலங்களின் பட்டியலிலே, பறைச்சேரியும் உண்டு, தீண்டாச்சேரியும் உண்டு! கல் சுமந்த தோள்களுக்கு உரியவர் பெயரைத்தான் காணோம்!

2021 இறுதியில் அப்படம் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. ஆசிரியராகிவிட்ட நாம் மீண்டும் சென்றோம். அன்று புலிக்கொடியைக் கண்ட கண்கள், இன்று பட்டினியைக் கண்டன. பொற்றேரிலே பவனி வரும் மன்னனையா காட்டுகிறார் இயக்குநர்? இல்லை. உருக்குலைந்த குடிகளையும், அவர்கள் பசி கண்டு கலங்கும் மன்னனையும் காட்டுகிறார். பழம்பெருமைக்குப் பட்டுப் போர்த்தாத அந்தத் துணிவைப் பாராட்டுகிறோம்.

ஆனால், தோழர்களே, அந்த மக்கள் செய்வதென்ன? காத்திருக்கிறார்கள்! தாய்நாட்டிலிருந்து தூதுவன் வருவான், துயர் தீர்ப்பான் என்று தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்கிறார்கள். இதே பெயரில் 1965இல் வந்த எம்.ஜி.ஆர். படத்திலே, தீவில் விற்கப்பட்ட அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். இங்கே தீவிலிருப்போர் வானம் பார்த்து நிற்கின்றனர்.

வந்தவன் யார்? முத்து. கூலியாட்களின் தலைவன்! மன்னர் குலம் எழுநூறு ஆண்டு தவங்கிடந்து பெற்றது ஒரு கூலியாளை! படத்தின் மிகச் சிறந்த எண்ணம் இதுவே. ஆயினும், முடிவிலே அவன் செய்வதென்ன? சோழ இளவரசனைச் சுமந்து செல்கிறான். அன்று கல், இன்று அரச மகவு. சுமை மாறிற்று, சுமப்பவன் மாறவில்லையே!

உண்மைத் தஞ்சை அப்படிக் காத்திருக்கவில்லை. காவிரிக் கரையின் பண்ணையாட்கள் சங்கமாய்த் திரண்டனர், போராடினர், 1952இல் தஞ்சைக் குத்தகையாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் நெருப்பிலே கருகின. கூலியாகக் கூடுதல் நெல் கேட்டதுதான் குற்றம்! நம் பாட்டி கேட்ட மரக்கால் கணக்கு அது. காலங்களை இணைப்பது குருதி என்கிறது படம். குருதியன்று, தோழர்களே, அளக்கப்படாத அந்த நெல்லே இணைக்கிறது!

மறுநாள் அச்சிறுமியின் கட்டுரையை வகுப்பிலே உரக்கப் படித்தோம். சிலர் சிரித்தனர். முன்வரிசையில் மன்னனாக முடிசூடியிருந்த சிறுவன் மட்டும் சிரிக்கவில்லை. தயங்கி எழுந்தான். “ஐயா, எங்க தாத்தாவும் மூட்டை தூக்கினவர்தான். நான் திருப்பி எழுதித் தரட்டுமா?” என்றான்.

ஏட்டைத் திருப்பிக் கொடுத்தோம்.