முகட்டுக் கோடு

எமது தகப்பனார் வரைந்த படம் ஒன்று நம்மிடம் உண்டு. கணக்குக் கொப்பியிலிருந்து கிழித்த தாளில், மைப் பேனையால், எமது பழைய வீட்டை அவர் வரைந்திருந்தார். ஓட்டுக் கூரை, கிணறு, துலா, வேலியோரத்தில் இரண்டு பனைகள். 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின்னர் நினைவிலிருந்து வரைந்தது அது. அப்போதே அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. இன்று வீடும் இல்லை; அவரும் இல்லை.

வெளிநாட்டில் வாழும் சகோதரர்கள் ஆளுக்கொரு பிரதி கேட்டனர். ஒருவருக்குச் சிறிய அட்டையில், மற்றவருக்குச் சுவர் நிறைய. புகைப்படத்தைப் பெருப்பித்தால் அது புள்ளி புள்ளியாய்ச் சிதறும். ஆகவே படத்தை வெக்டர் வடிவில் அமைக்க முற்பட்டோம். அதில் கோடு புள்ளிகளாய் அன்றிக் கணக்காய் இருக்கிறது: இங்கொரு கணு, அங்கொரு கணு, இடையில் வளைவு இன்னவாறு செல்க என்று இழுத்துப்பிடிக்கும் கைப்பிடிகள். எவ்வளவு பெருப்பித்தாலும் விளிம்பு மங்குவதில்லை. இவ்வளைவுகள் மோட்டார் வண்டித் தொழிலில் பிறந்தவை என்றால் வாசகர் வியப்பர். பிரான்ஸ் நாட்டில் சித்ரோவன் நிறுவனத்தின் தெ காஸ்தல்ஜோ 1959 இல் இம்முறையைக் கண்டார். நிறுவனம் அதை இரகசியமாய் வைத்திருந்தது. ரெனோ நிறுவனத்தின் பியர் பெசியே 1960களில் வெளியிட்டமையால் பெயர் அவருக்கே நின்றுவிட்டது.

இங்க்ஸ்கேப் என்னும் இலவச மென்பொருளிடம் படத்தைக் கொடுத்துத் தானாகவே தடம்பிடிக்கச் செய்தோம். அதுவோ மைக்கோட்டின் இரு கரையையும் தனித்தனியே பிடித்து, நடுக்கத்தை இரட்டிப்பாக்கித் தந்தது. முகட்டில் மாத்திரம் 60க்கு மேற்பட்ட கணுக்கள்! ‘சிம்ப்ளிஃபை’ என்றொரு கட்டளை உண்டு. மிகுதிக் கணுக்களைக் களைவது அதன் வேலை. அதை அடுத்தடுத்து விரைந்து அழுத்தினால் ஒவ்வொரு முறையும் கடுமை கூடும். இதனை அறியாது மூன்று முறை அழுத்தினோம். துலா வெந்த பயிற்றங்காய்போல் வளைந்தது. ஓட்டு விளிம்புகள் உருகி ஒன்றாயின.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு, தாளின் படத்தை அடியில் மங்கலாய் வைத்து, மேலே கையாலேயே வரைந்தோம். வளைவின் உச்சியிலும் அடியிலும் இரு ஓரங்களிலும் கணு வைத்தால் போதும். வட்டமொன்றுக்கு நான்கே தேவை. கிணற்று வாய் அவ்வாறே அழகாய் அமைந்தது. பனையோலைகளின் நடுக்கத்தை மாத்திரம் தொடவில்லை. ஓலை எப்போது நேராய் நின்றது? முகட்டுக்கு இரண்டு கணுக்கள், நூல் பிடித்தாற்போல் ஒரே கோடு. எமக்கே பெருமையாயிருந்தது.

தாயாரிடம் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“முகட்டை ஏன் பிள்ளை நிமித்திப் போட்டாய்?”

“ஐயாவுக்குக் கை நடுங்கினதெல்லே, அம்மா.”

“கை நடுங்கினது வேறை. வளை உழுத்துப்போய், முகடு நடுவிலை பதிஞ்சுதானே கிடந்தது. மாத்தவேணும், மாத்தவேணும் எண்டு கொய்யா சொல்லிக்கொண்டே இருந்தவர்.”

தாளை மீண்டும் நோக்கினோம். சிறு நடுக்கங்களுக்கு அடியில், நீண்டதொரு பதிவு தெளிவாகவே இருந்தது. பக்கத்துச் சுவர்க் கோட்டில் அத்தகைய பதிவு இல்லை.

முகட்டின் நடுவில் மூன்றாவது கணுவொன்றை வைத்து மெல்லக் கீழே இழுத்தோம். தாயார் அருகில் கதிரையில் இருந்து, “இன்னும் ஒரு நூல் பதியவேணும்” என்றார். தகப்பனாரின் தாளில் அவ்வளவு பதிவு இல்லை. அவருடைய கோட்டின்மேலேயே கணுவை நிறுத்தினோம்.