கடலுக்குப் போகும்போது ஒரு போத்தல் சுக்கா



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் தோட்டங்களில் பேருந்துப் பயணம் கிளம்பிவிடும். கோயில் கமிட்டியோ, பெற்றோர் ஆசிரியர் சங்கமோ தலைக்கு இத்தனை வெள்ளி என்று வசூலித்து, விடியற்காலையில் லயத்து முனையில் பேருந்தைக் கொண்டுவந்து நிறுத்தும். புளிச்சோறு, அவித்த முட்டை, பாய், மாற்றுத் துணி எல்லாம் ஏறும். மறந்து போகிற பொருள் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். இதைப் புத்தகத்தில் படித்து நான் கற்றுக்கொள்ளவில்லை. பிறர் பெற்ற பிள்ளையின் வேதனையில் கற்றுக்கொண்டேன்.

2008ஆம் ஆண்டு. கெடாவில் ஒரு செம்பனைத் தோட்டப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். பிள்ளைகளை பினாங்கு பத்து ஃபெரிங்கி கடற்கரைக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார், உதிரிப் பழம் பொறுக்கும் வேலை செய்பவர், முதலில் மகளை அனுப்ப மறுத்தார். தகப்பன் இல்லாத பிள்ளை. நான் வீட்டுக்கே போய்ப் பேசினேன். கடைசியில், “டீச்சர், உங்கள நம்பித்தான் அனுப்புறேன்” என்றார். அந்த வார்த்தையின் கனம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

முட்டளவு நீரில்தான் பிள்ளைகள் நின்றார்கள். நானும் கரையில் கண் கொத்திப் பாம்பாக நின்றேன். திடீரென்று அந்தப் பெண் வீரிட்டாள். ஓடிப் போய்த் தூக்கி வந்தேன். வலது கெண்டைக்காலில் சாட்டையால் அடித்தது போல் சிவந்த கோடுகள். அதில் கண்ணாடி நூல் போல் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பாசி என்று நினைத்து, ஈர மணலை அள்ளித் தேய்த்தேன். பிறகு கையிலிருந்த மினரல் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். பிள்ளை முன்னைவிடப் பெரிதாகக் கத்தினாள். கூட வந்த பெரியவர் ஒருவர் சிறுநீர் விட்டால் எரிச்சல் அடங்கும் என்றார். இன்னொருவர் தைலத்தை எடுத்து நீட்டினார்.

அந்த நேரத்தில் மீ கோரேங் கடை மலாய்க்கார அம்மா ஒருவர் கையில் போத்தலுடன் ஓடி வந்தார். “ஜாங்ஙான் கோசோக்! ஜாங்ஙான் கோசோக்!” தேய்க்காதே என்று சொல்லி, என் கையைத் தட்டிவிட்டார். போத்தலில் இருந்தது மிளகாய் ஊறப் போடும் சுக்கா, நாம் வினிகர் என்கிறோமே, அதுதான். முழுப் போத்தலையும் அந்தக் காலில் மெதுவாக ஊற்றினார். பிறகு கரண்டிக் காம்பால் அந்த நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். நல்ல வேளை, பெரிய ஆபத்து இல்லை. ஆனால் மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “மணல் போட்டுத் தேய்த்தது யார்?” என்பதே. நான் தலை குனிந்து நின்றேன்.

அவர் விளக்கிச் சொன்னதையும், பிறகு நானே தேடித் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன், கேளுங்கள்.

அந்தப் பிள்ளையைத் தீண்டியது சொறிமுட்டை. இழுது மீன், ஜெல்லி மீன் என்றும் சொல்வார்கள். மலாயில் ஓபோர்-ஓபோர், அம்பாய் என்பார்கள். பேர்தான் மீன், அதற்கு எலும்பும் இல்லை, மூளையும் இல்லை. குடை போன்ற உடலின் கீழே நூல் போன்ற உணர்கரங்கள் தொங்கும். அந்த நூலில் ஆயிரக்கணக்கான நுண்ணிய கொட்டும் பைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் சுருட்டி வைத்த வில் போல ஒரு நச்சு முள். தோல் பட்டதும் அது தெறித்துப் பாயும். ஒட்டிக்கொண்ட நூலில் எல்லாப் பைகளும் ஒரே சமயத்தில் வெடித்துவிடுவதில்லை. மணலால் தேய்த்தாலும், நல்ல தண்ணீர் விட்டாலும் மிச்சம் இருப்பவையும் வெடிக்கும். நான் செய்தது அதுதான். குடை செத்துக் கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும், நூல் அறுந்து தனியே மிதந்தாலும் கொட்டும். ஆகவே பிள்ளைகள் அதைக் குச்சியால் குத்தி விளையாட விடாதீர்கள்.

எல்லாச் சொறிமுட்டையும் ஒன்றல்ல. பல வகைகள் அரிப்பும் எரிச்சலும் தந்து ஓய்ந்துவிடும். சில வகைகளை உப்பும் படிகாரமும் இட்டுப் பதப்படுத்திச் சீனர் விருந்தில் பரிமாறுகிறார்கள். பயப்பட வேண்டியது பெட்டிச் சொறிமுட்டைக்குத்தான். அதன் உடல் பெட்டி போல் நான்கு மூலையாக இருக்கும். மூலைகளிலிருந்து நூல் தொங்கும். மற்றவை அலையோடு மிதந்து போகும். இது தானே நீந்தும். இதற்குக் கண்கள் 24. உடலோ நீர் போலத் தெளிவு. பக்கத்தில் வந்தாலும் தெரியாது. இந்த இனத்தில் பெரியதன் நூல் 3 மீட்டர் வரை நீளும். அது அதிகமாகத் தீண்டினால் சில நிமிடங்களிலேயே இதயம் நின்றுவிடக்கூடும். மலேசியாவிலும் தாய்லாந்திலும் இதனால் உயிர் போனதுண்டு. நம் பினாங்குக் கடலிலும் இது இருக்கிறது.

இன்னொரு சிறு வகை கொட்டியபோது வலி சொற்பமாகவே இருக்கும். அரைமணி நேரம் கழித்து இடுப்பு வலி, தசைப் பிடிப்பு, வியர்வை, வாந்தி, படபடப்பு என்று ஆளை உலுக்கும். ஆகவே ‘சின்ன எரிச்சல்தானே’ என்று பிள்ளையைத் திரும்பத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். ஒரு மணி நேரமாவது பக்கத்தில் உட்கார வைத்துக் கவனியுங்கள்.

சரி, கொட்டிவிட்டால் என்ன செய்வது? முதலில் கரைக்குக் கொண்டு வாருங்கள். ஓட விடாமல் உட்கார வையுங்கள். வினிகரைக் குறைந்தது 30 வினாடி நிறுத்தாமல் ஊற்றுங்கள். வினிகர் வலியைப் போக்காது. வெடிக்காமல் மிச்சம் இருக்கும் பைகளை வெடிக்க விடாமல் செய்யும். அதுவே உயிர் காக்கிற காரியம். பிறகு குச்சியாலோ கரண்டியாலோ நூல்களை எடுங்கள். வினிகர் இல்லையென்றால் கடல் நீராலேயே கழுவுங்கள்; குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதன்பின் வலிக்கு, பொறுக்கக்கூடிய சுடுநீரில் 20 நிமிடம் வைக்கலாம். சூடு 45 பாகைக்கு மேல் போகக் கூடாது. முதலில் உங்கள் கையை விட்டுப் பாருங்கள். பிள்ளையின் தோல் வெந்துவிடக் கூடாது. சுடுநீர் கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் பையில் பனிக்கட்டி போட்டு, துணி சுற்றி வையுங்கள்.

மணல், சிறுநீர், சாராயம், தைலம் எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டுப் போடவும் வேண்டாம்.

மூச்சுத் திணறல், மயக்கம், நெஞ்சு வலி, உடம்பில் பெரும் பகுதியில் சாட்டைத் தழும்பு, இவற்றில் ஏதாவது கண்டால் உடனே 999க்கு அழையுங்கள். மூச்சு நின்றுவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள். மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருங்கள். சிறு பிள்ளைக்கு ஒரு கை போதும். உதவி வரும்வரை நிறுத்தக் கூடாது.

நீல நிறக் காற்றுப் பை போல மிதந்து வரும் ஒன்றும் உண்டு. அது சொறிமுட்டைக்குச் சொந்தம். பல சிற்றுயிர்கள் சேர்ந்து ஒன்றாய் வாழும் கூட்டம். அதுதான் கொட்டியது என்று கண்ணால் கண்டு உறுதியானால் வினிகர் வேண்டாம். கடல் நீரும் சுடுநீரும் போதும். எது கொட்டியது என்று தெரியாவிட்டால், நம் வெப்பக் கடலில் வினிகரே முதல் உதவி. திருக்கை, செம்பிலாங் கெளுத்தி, கல் மீன் இவற்றின் முள் குத்தினால் சுடுநீர்தான் மருந்து; முள் ஆழமாகப் போயிருந்தால் பிடுங்காமல் மருத்துவரிடம் போங்கள்.

தடுப்பதும் எளிது. உடலோடு ஒட்டிய நீளக் கால் சட்டை, நீளக் கைச் சட்டை போட்டு இறக்குங்கள். ஆஸ்திரேலியாவில் குவின்ஸ்லாந்து கடற்கரைக் காவலர்கள் ஒரு காலத்தில் பெண்கள் அணியும் மெல்லிய நீள் காலுறையைப் போட்டுக்கொண்டே நீரில் இறங்கினார்கள். அவ்வளவு மெல்லிய துணியே நூலைத் தோலில் பட விடாமல் தடுத்தது. கடற்கரையில் எச்சரிக்கைப் பலகை இருந்தால் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அன்று இரவு அந்தப் பிள்ளையைக் கட்டுப் போட்ட காலோடு லயத்துக்குக் கொண்டு போனபோது என் கால்கள் நடுங்கின. தாயார் வாசலிலேயே நின்றிருந்தார். நடந்ததைச் சொன்னேன். தேய்த்தது நான்தான் என்பதையும் மறைக்கவில்லை. அவர் சற்று நேரம் மகளின் காலையே பார்த்தார். பிறகு, “நீங்க வேணும்னா செஞ்சீங்க? தெரியாமத்தான செஞ்சீங்க. அடுத்த வருசம் போற புள்ளைங்களுக்காவது சொல்லிக் குடுங்க டீச்சர்” என்றார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அந்தப் பெண் இப்போது சுங்கை பட்டாணியில் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறாள். தழும்பு மங்கிவிட்டது, முற்றாகப் போகவில்லை. தாயார் சொன்னபடி ஒவ்வோர் ஆண்டும் என் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். இப்போது உங்களுக்கும் சொல்லிவிட்டேன். அடுத்த முறை பேருந்து ஏறும்போது, புளிச்சோற்றுக் கூடையின் பக்கத்தில் ஒரு போத்தல் சுக்காவையும் வைத்துக்கொள்ளுங்கள். விலை சில வெள்ளிதான்.