தோளில் ஒரு துண்டு

பிள்ளை பிறந்த வீட்டில் எல்லாக் கண்களும் பிள்ளையின் மேல்தான் இருக்கும். நிறை கூடியதா, கண் மஞ்சளாக இருக்கிறதா, தொப்புள் காய்ந்துவிட்டதா, மூக்கு யாருடைய மூக்கு என்றெல்லாம் பேச்சு நடக்கும். அந்தப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பவளின் உடுப்பை யாரும் பார்ப்பதில்லை. நான் எழுதப்போவது அந்த உடுப்பைப் பற்றி. இது என்ன பெரிய விடயம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், தோழியரே. ஒரு தாய் நேரத்துக்குத் தொழுவதும், வந்தவர்களோடு முன்விறாந்தையில் உட்கார்ந்து கதைப்பதும், வேலைக்குத் திரும்பிப் போவதும் ஒரு முழத் துணியில் தங்கியிருக்கக்கூடும். அதை எங்கள் வீட்டிலேயே கண்டேன்.

என் ராத்தாவுக்கு இது தலைப்பிள்ளை. வழக்கப்படி பேறுகாலத்துக்குப் பட்டாணிச்சூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். மகனுக்கு இப்போது நான்கு மாதம். பகலில் உம்மாவும் உம்மும்மாவும் பார்த்துக்கொள்வார்கள். நான் பாடசாலை முடிந்து, ரியூசனும் முடிந்து வந்த பிறகு, அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் என்னுடையது. ஒரு கையில் உயர்தர உயிரியல் புத்தகம், மறு தோளில் மருமகன். பால் குடித்து முடித்த பிள்ளையை ஏவறை விடவைப்பது என் பொறுப்பு. முதுகை மெல்லத் தட்டிக்கொண்டே நடப்பேன். ஏப்பம் வரும். பல நேரங்களில் அதற்குப் பின்னாலேயே பாலும் வரும்.

ஏன் வருகிறது என்பதற்குக் கையிலிருந்த புத்தகத்திலேயே விடை இருந்தது. நாம் விழுங்குவது களம் வழியாக இரைப்பைக்குப் போகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஓர் இறுக்கித் தசை உண்டு. உள்ளே போனதை அது திரும்பவிடாமல் மூடிக்கொள்ளும். பச்சைப் பிள்ளைக்கு அந்தத் தசை இன்னும் முதிர்ந்திருக்காது. களம் குட்டை, இரைப்பை சின்னது, உணவு முழுவதும் திரவம், பிள்ளையோ எந்நேரமும் படுத்தபடி. பாலோடு காற்றையும் சேர்த்து விழுங்குகிறது. அந்தக் காற்று மேலே ஏறும்போது வழியில் உள்ள பாலையும் தள்ளிக்கொண்டு வருகிறது. இரைப்பையில் சற்று நேரம் தங்கிய பால் என்றால் அமிலம் பட்டுத் திரைந்து தயிர்போல வரும். புளித்த வாடைக்குக் காரணம் அதுதான். நான்கு மாதமளவில் இது கூடுதலாக இருக்கும். பிள்ளை உட்காரவும் திட உணவு சாப்பிடவும் தொடங்கக் குறையும். ஒரு வயதளவில் பெரும்பாலும் நின்றுவிடும்.

இந்தியாவின் சண்டிகரில் 71 தாய்மாரையும் அவர்களுடைய பிள்ளைகளையும் இரு பகுதியாகப் பிரித்து மூன்று மாதம் கவனித்திருக்கிறார்கள். ஒரு பகுதியினருக்கு ஏவறை விடவைக்கும் முறை கற்றுக் கொடுக்கப்பட்டது. முடிவு 2015 இல் ஒரு மருத்துவ ஆய்விதழில் வந்தது. ஏவறை விடவைத்ததால் பிள்ளைகளின் விடாத அழுகை குறையவில்லை. பால் கக்குவதோ கூடியிருந்தது. இதை வாசித்துக் காட்டியபோது உம்மா சிரித்தார். "அப்ப தட்டாமல் விடுறதா? ஏவறை விட்டாப் பிறகுதானே இவன் நித்திரை கொள்றான்" என்றார். உம்மாவின் அனுபவத்தோடு வாதாட எனக்குத் துணிவில்லை. தட்டுவதை விடப்போவதில்லை என்றால் உடுப்பைக் காப்பதற்கு ஒரு வழி வேண்டும் என்பது மட்டும் தெளிவாகியது.

ராத்தாவுக்கு அது வெறும் உடுப்புச் சங்கடமாக இருக்கவில்லை. நாற்பது முடிந்து அவர் மீண்டும் தொழத் தொடங்கிய வாரம் அது. எங்கள் ஷாபிஈ மத்ஹபின்படி, வயிற்றுக்குள் போய்த் திரும்பி வருவது வாந்திதான். வாந்தி நஜீஸ். அது பட்ட உடுப்போடு தொழ முடியாது, கழுவ வேண்டும். ளுஹருக்கு மாற்றிய உடுப்பில் அஸருக்கு முன்பே பால் வடிந்திருக்கும். அஸருக்கு மாற்றியது மஃரிப் வரை நிற்காது. ஒரு நாளில் ஐந்து உடுப்பு. எங்கள் கிணற்றுத் தண்ணீரோ கல்சியம் கூடிய வன்னீர். சவர்க்காரம் லேசில் நுரைக்காது. துவைத்த துணியும் காய்ந்த பிறகு மொரமொரவென்று நிற்கும். பேறுகால உடம்போடு எத்தனை துணியைத்தான் துவைப்பது?

ஒரு நாள் மஃரிப் நேரம் அறைக்குள் போனபோது, ராத்தா தொழுகை விரிப்புக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். தோளில் புதிய ஈரம். அலுமாரியில் காய்ந்த உடுப்பு ஒன்றும் இல்லை. "என்னிலயே எனக்கு வாடை அடிக்குது" என்று சொல்லி அழுதார். பிள்ளை பார்க்க யாராவது வந்தால் அவர் அறையை விட்டு வெளியே வராததன் காரணம் அன்றுதான் எங்களுக்கு விளங்கியது. களைப்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம்.

அடுத்த நாள் உம்மா எங்கள் பகுதி மௌலவியாவிடம் இதைக் கேட்டார். அவர் சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது. மலபாரைச் சேர்ந்த ஸைனுத்தீன் மக்தூம் 16 ஆம் நூற்றாண்டில் எழுதிய 'பத்ஹுல் முஈன்' என்ற சட்டநூலில், அடிக்கடி வாந்தியெடுக்கும் பாலகனைப் பற்றிய குறிப்பு இருக்கிறதாம். அப்படிப்பட்ட பிள்ளையின் வாய்க்குள் போகும் தாயின் மார்புக்கு மன்னிப்பு உண்டு. பிள்ளையை முத்தமிடுபவருக்கும் தொட்டுப் பிடிப்பவருக்கும் அந்த மன்னிப்பு இல்லை. பாலூட்டும் தாயின் சிரமத்தை அத்தனை நுணுக்கமாக அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள். உம்மு கைஸ் என்ற ஸஹாபியப் பெண்மணி, இன்னும் உணவு உண்ணத் தொடங்காத தன் ஆண்பிள்ளையை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்ததையும் மௌலவியா நினைவூட்டினார். பிள்ளை அவர்களுடைய ஆடையில் சிறுநீர் கழித்துவிட்டது. நபியவர்கள் முகம் சுளிக்கவில்லை. தண்ணீர் கொண்டுவரச் செய்து அந்த இடத்தில் தெளித்துக்கொண்டார்கள். அந்தச் சலுகை சிறுநீருக்குரியது. ராத்தாவின் தோளுக்கு நாங்கள்தான் வழி தேட வேண்டியிருந்தது.

வழி உம்மும்மாவிடம் இருந்தது. "தோளுக்குத் துண்டு போடாமல் ஆர் பிள்ள தூக்கச் சொன்னது?" என்று கேட்டபடி, வாப்பாவின் பழைய சாரம் ஒன்றை எடுத்து வரச் சொன்னார். பலமுறை துவைத்து மென்மையாகிப்போன பருத்திச் சாரம். தையலைப் பிரித்து விரித்தால் ஏறத்தாழ இரண்டு மீற்றர் நீளம், ஒன்றேகால் மீற்றர் அகலம். அதை எட்டாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்தோம். பிறகு இன்னொரு சாரம். எல்லாமாகப் பதினாறு துண்டுகள். கடைக்குப் போய் ஒரு சதமும் செலவழிக்கவில்லை.

தைக்கும்போது உம்மும்மா ஒரு கதை சொன்னார். அவர் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் வாழ்ந்தவர். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி, ஊரைவிட்டு வெளியேற யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுக்கப்பட்டது. உம்மும்மாவின் கையில் மூன்று மாதப் பிள்ளை, என் மாமா. உடுத்த சீலையோடு புறப்பட்டார். உம்மாவின் வாப்பா மேலதிகமாக எடுத்துக்கொண்டது ஒரேயொரு சாரம். அதை வழியில் இரண்டாகக் கிழித்தார்களாம். ஒரு பாதி பிள்ளையைச் சுற்ற, மறுபாதி உம்மும்மாவின் தோளுக்கு. வவுனியா வந்து சேரும்வரை அந்தப் பாதியைக் கிடைத்த தண்ணீரில் அலசி, பிழிந்து, மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். "வீடு போச்சு, நகை போச்சு. உடுத்திருந்த சீல ஒண்டுதான் மிச்சம். அதுவும் கெட்டா எதோட தொழுறது, எதோட நாலு பேருக்கு முன்னால நிக்கிறது?" என்றார். 1990 ஐப் பற்றி எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். அந்தக் கூட்டத்துக்குள் பால் குடிக்கும் பிள்ளையோடு நடந்த ஒரு பெண்ணின் தோளை அன்றுதான் நினைத்துப் பார்த்தேன்.

துண்டைப் போடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. எங்கள் வீட்டில் பழகிப் பார்த்ததைச் சொல்கிறேன். பிள்ளையின் நாடி தோளுக்கு மேல் வருவதால் பால் முன்பக்கம் விழுவது குறைவு, முதுகுப் பக்கம்தான் வழியும். ஆகவே துண்டின் பெரும்பகுதி பின்னால் தொங்க வேண்டும், சிறுபகுதி முன்னால் வந்தால் போதும். ஒற்றைத் துணி ஊறிவிடும், இரண்டாக மடித்துப் போட வேண்டும். பருத்தி உறிஞ்சும். அபாயா தைக்கும் பொலியெஸ்டர் துணி உறிஞ்சாது, பால் அதில் வழுக்கி ஓடும். புதுத் துணியை விடப் பலமுறை துவைத்த பழைய துணியே நல்லது. மடியில் உட்கார்த்தி நாடியைத் தாங்கிப் பிடித்துத் தட்டுவதென்றால், துண்டு மடியிலும் மணிக்கட்டிலும் இருக்க வேண்டும்.

முக்கியமான இன்னொன்று. நாங்கள் பர்தாவுக்குக் குத்தும் ஊசி பிள்ளையின் கன்னத்துக்கு நேரேதான் இருக்கும். துண்டு நழுவுகிறதென்று அதற்கும் ஓர் ஊசி குத்திவிடக் கூடாது. பிள்ளையைத் தூக்குவதற்கு முன் தோளிலுள்ள ஊசிகளைக் கழற்றிவிட வேண்டும். பிள்ளை நித்திரையானதும் துண்டைத் தொட்டிலுக்குள் விட்டுவிடவும் கூடாது. முகத்தில் விழுந்தால் மூச்சை அடைக்கும்.

பால் பட்ட துணியை முதலில் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். பாலில் புரதம் இருக்கிறது. சுடுநீரை எடுத்தவுடன் ஊற்றினால் புரதம் இறுகிக் கறை நூலோடு பிடித்துக்கொள்ளும். முட்டை அவிவது போலத்தான். குளிர்ந்த நீருக்குப் பிறகு சவர்க்காரம், அதற்குப் பிறகு வெயில். வன்னி வெயிலைக் குறை சொல்பவர்கள் பிள்ளை பெற்ற வீட்டுக் கொடியைப் பார்க்க வேண்டும். காலையில் போட்டது பகல் சாப்பாட்டுக்கு முன் காய்ந்துவிடும்.

துண்டுகளை அலுமாரியில் அடுக்கி வைத்தால் பயனில்லை. தொட்டில் கம்பியில் இரண்டு, விறாந்தைக் கதிரையில் இரண்டு, தொழும் அறை வாசலில் இரண்டு என்று கைக்கெட்டும் இடங்களில் தொங்கவிட்டோம். பிள்ளையைத் தூக்கும் கை முதலில் துண்டைத் தூக்க வேண்டும் என்பது உம்மும்மாவின் சட்டம்.

இதனால் நாங்கள் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. பிள்ளைக்குத் தோள்கள் கூடின. ஜும்ஆவுக்கு வெள்ளை உடுப்போடு நிற்கும்போது வாப்பா பேரனைத் தூரத்தில் நின்றே கொஞ்சுவார். இப்போது துண்டைப் போட்டுக்கொண்டு தூக்குகிறார். மச்சான் கடைக்குப் போகுமுன் பத்து நிமிடம் தட்டிக்கொடுக்கிறார். என்னிடம் பாடசாலைச் சீருடை இரண்டு சோடிதான், இரண்டும் வெள்ளை. ஆனாலும் காலை ஆறரைக்குப் பிள்ளையை வாங்கி ராத்தாவை ஒரு பிடி இடியப்பம் சாப்பிட வைக்க என்னால் முடிகிறது. உடுப்புக் கெட்டுவிடும் என்ற பயம் போனபோது பிள்ளையைச் சுமக்கும் பாரம் எல்லோருக்கும் பங்காகியது.

கக்குவதெல்லாம் சாதாரணம் என்று இருந்துவிடவும் கூடாது. கிளினிக்கில் குடும்ப நல உத்தியோகத்தர் மிஸ் எங்களுக்குச் சொன்னது இது. பிள்ளை சிரித்துக்கொண்டு, நன்றாகக் குடித்துக்கொண்டு, நிறையும் கூடிக்கொண்டிருந்தால் கவலை வேண்டாம். பச்சை நிறமாகவோ இரத்தம் கலந்தோ வந்தால், பீறிட்டுத் தூரப் பாய்ந்தால், நிறை கூடாவிட்டால், தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். தோளில் துண்டு இருப்பதால் என்ன நிறத்தில், எவ்வளவு வந்தது என்பதும் உடனே தெரிகிறது. கறுப்பு அபாயாவில் அது தெரியாது.

ராத்தா ஓர் ஆசிரியை. முழுச் சம்பளத்தோடு கிடைத்த 84 வேலைநாள் பிரசவ விடுமுறை இந்த மாதம் முடிகிறது. போன திங்கட்கிழமை சீலை உடுத்தி, கண்ணாடியின் முன் நின்று, தோளில் துண்டைப் போட்டு, மகனைத் தூக்கிப் பழகிப் பார்த்தார். மகன் வழக்கம்போலக் கக்கினான். ராத்தா துண்டை எடுத்து வாளியில் போட்டுவிட்டு, சீலையைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. அந்தச் சீலையோடேயே லுஹாத் தொழுதார்.

தோழியரே, நாங்கள் இன்று சாச்சிமார், மாமிமார். நாளை இன்ஷா அல்லாஹ் தாய்மார். பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போகும்போது பசார் வீதியில் பவுடரும் சவர்க்காரமும் வாங்குகிறோம். நல்லதுதான். அவற்றோடு மென்மையான பருத்தித் துண்டு ஆறையும் ஓரம் தைத்து எடுத்துச் செல்லுங்கள். அதைத் தாயின் கையில் கொடுத்து, "இது உங்களுக்கு" என்று சொல்லுங்கள். வாசிக்கும் உம்மாமாரே, உங்கள் அலுமாரியிலும் பழைய சாரம் ஒன்று இருக்கும். அதை இன்னும் தரை துடைக்கக் கொடுத்துவிடாதீர்கள்.