பணம் தராத கொடி

விடுதி அறையில், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் நீரில் ஒரு மணிபிளாண்ட் வளர்கிறது. பணம் சேரும் என்று நம்பி வைத்தவன் என் அறைத்தோழன். தந்தை நோயில் விழவே, படிப்பை விட்டுப் பட்டறை வேலைக்குப் போனான். கொடி என் பொறுப்பாயிற்று.

பசிபிக் கடலின் மூரியாத் தீவு இதன் தாயகம். இது தானாகப் பூப்பது மிக அரிது. பூக்கச் செய்யும் ஜிப்ரலின் இதில் போதிய அளவு உருவாவதில்லை என்று 2016-இல் கண்டறிந்தார்கள். ஆகவே விதைக்கு வழியில்லை. வெட்டிய தண்டே வித்து. அதில் கணு இருக்கவேண்டும். இலையும் காம்பும் மட்டுமானால் புதுக்கொடி எழாது. நேர்வெயில் ஆகாது, வாரந்தோறும் நீர் மாற்றுகிறேன்.

பொங்கல் விடுமுறையில் ஒரு துண்டை ஈரத்துணியில் சுற்றி அவன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். "இன்னுமாடா வெச்சிருக்கே?" என்றான். தொலைநிலைக் கல்வியில் சேர விண்ணப்பம் வாங்கியிருந்தான்.

வெட்டுண்டாலும் கணு இருந்தால் துளிர்க்கும், நண்பர்களே!