பத்து நிமிட ஈரம்

ஏப்ரல் 19, 2020, ஞாயிறு
மொன்ட்ரியால்-நோர்

பின்னேர வேலை முடிந்து வர நடுச்சாமம். நான் துப்புரவு செய்யும் முதியோர் இல்லத்தில் இரண்டாம் மாடி முழுக்க இப்போது கொரோனாத் தொற்றால் சிவப்பு வலயம். கட்டில் கம்பி, அழைப்பு மணி, கதவுக் கைபிடி என்று கை படுகிற இடமெல்லாம் மருந்தடிக்க வேண்டும். இன்றுதான் போத்தலைத் திருப்பி ஆற அமர வாசித்தேன். முன்பக்கம் டி.ஐ.என். என்ற எட்டு இலக்கம், அரசின் அனுமதி எண். பின்பக்கம் பொடி எழுத்தில்: தொடுகை நேரம் 10 நிமிடம். அவ்வளவு நேரமும் அந்த இடம் ஈரமாகவே இருக்க வேண்டும். எங்களுக்கோ ஓர் அறைக்கே அவ்வளவு நேரம் கிடையாது. அடித்த கையோடு துடைத்துவிட்டு ஓடுகிறோம்.

ஏப்ரல் 21, செவ்வாய்

"சவர்க்காரம் போட்டால் போதாதா அம்மா, ஏன் 20 விநாடி?" என்றான் மகன். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்தவளிடம் கேட்டால் விடுவேனா! கொரோனாவின் வெளியுறை கொழுப்பு. சவர்க்கார மூலக்கூற்றின் ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை கொழுப்பை நாடும். கொழுப்பை நாடும் முனைகள் உறைக்குள் செருகிப் பிளந்துவிடும். அதற்குத்தான் அந்த 20 விநாடி.

அற்ககோலும் 60 முதல் 80 வீதம் வரை இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். தண்ணீர் கலவாதது உடனே ஆவியாகிப் போகும். புரதத்தின் மடிப்பைக் குலைக்கவும் கொஞ்சம் தண்ணீர் தேவை. குளிர்காலத்தில் வாந்திபேதி தரும் நோரோ வைரசுக்கோ கொழுப்புறையே இல்லை, அற்ககோலுக்கு இலேசில் மசியாது. அந்த நாட்களில் நாங்கள் ஜவெல் தண்ணி என்கிற ப்ளீச்சைத்தான் எடுப்போம்.

ஏப்ரல் 24, வெள்ளி

கிருமிநாசினியை உடம்புக்குள் ஏற்றிப் பார்க்கலாமா என்று நேற்று வெள்ளை மாளிகையில் ட்ரம்ப் கேட்டாராம். வேலைத்தலத்தில் ஹெயிட்டிக்காரத் தோழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜவெலுக்கு ஆள் அடையாளம் தெரியாது. அதிலுள்ள குளோரீன் சேர்மம் புரதத்தை ஒட்சியேற்றி, மடிப்பைக் குலைத்து, கட்டிகட்டியாக்கும். வைரசின் முள்ளும் புரதம், எங்கள் தொண்டையும் நுரையீரலும் புரதம். கழிவறைக்கு ஊற்றும் அமிலத்தோடு ஜவெலைக் கலந்தால் குளோரீன் வாயு கிளம்பும் என்று கீழ்வீட்டு அக்காவிடமும் சொல்லி வைத்தேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

லீவு. முட்டை அவித்தேன். வெள்ளைக்கரு இறுகத் தொடங்க அறுபது பாகை செல்சியஸ் கடந்தால் போதும். சூடே இல்லாமலும் அதை இறுக்கலாம். 1914இல் ஹார்வர்டின் பிரிட்ஜ்மன் 7,000 வளிமண்டல அமுக்கத்தில் அரை மணி நேரம் வைத்து முட்டை வெள்ளையை அவித்ததுபோல் ஆக்கிக் காட்டினார். இப்போது 6,000 வளிமண்டலம்வரை அமுக்கிக் கிருமி நீக்கிய பழச்சாறு கடைகளில் கிடைக்கிறது.

ஹொங்கொங் ஆய்வாளர்கள் இந்த மாதம் வெளியிட்ட கணக்கையும் வாசித்தேன். 4 பாகையில் கொரோனா வைரஸ் இரண்டு கிழமை தாக்குப்பிடிக்கிறது. 56 பாகையில் அரை மணி நேரத்திலும், 70 பாகையில் 5 நிமிடத்திலும் செயலிழக்கிறது. நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவிலும் 121 பாகை என்றால் குறைந்தது 15 நிமிடம். வெப்பமோ அமுக்கமோ மருந்தோ, பக்கத்தில் ஒரு நேரக்கணக்கு இல்லாமல் எதுவும் இல்லை.

மே 5, செவ்வாய்

பாலத்தடியில் சற்று நின்றேன். ஆற்றுக்கு அக்கரை லவால். அங்கேதான் அர்மோன் ஃப்ராப்பியே 1938இல் தொடங்கிய நிறுவனம் இருக்கிறது, பி.சி.ஜி., போலியோ தடுப்பூசிகள் செய்த இடம். சால்க்கின் போலியோ ஊசிக்கு வைரசைச் செயலிழக்க வைக்க ஃபோர்மலினில் 37 பாகையில் நாட்கணக்காக ஊறவைப்பார்கள். 1955இல் அமெரிக்காவின் கட்டர் நிறுவனத்தில் அந்த வேலை முழுதாக நடக்கவில்லை; சில தொகுதிகளில் உயிருள்ள வைரஸ் மிஞ்சிவிட்டது. ஏறத்தாழ 200 பேருக்குக் கைகால் வழங்காமல் போனது, 10 பேர் இறந்தார்கள். அரைகுறையாய்ச் செய்த வேலை, செய்யாத வேலையைவிட மோசம். செய்தாயிற்று என்ற நம்பிக்கையையும் சேர்த்துக் கொடுத்துவிடும்.

மே 8, வெள்ளி

நகரில் தொற்று மிகக்கூடிய பகுதி எங்கள் நோர்தான் என்று ஒவ்வொரு நாளும் செய்தி. ஏன் என்று கேட்பவர்கள் எங்களோடு அறைகளைத் துடைக்க வரட்டும். இங்கே வசிக்கும் எண்பதினாயிரத்துச் சொச்சம் பேரில் எத்தனையோ பேர் பராமரிப்புப் பணியாளர், துப்புரவாளர். வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலையா இது?

மேற்பார்வையாளரிடம் மருந்துப் போத்தலின் லேபிளைக் காட்டினேன். "பார்ப்போம், மதாம்" என்றார். பார்க்கட்டும். மகனை இருத்திப் பிரெஞ்சில் கடிதம் எழுதினேன். ஒன்று, ஒரு நிமிடத்தில் வேலை செய்யும் மருந்து வாங்குங்கள். அல்லது மாடிக்கு இன்னொரு ஆளைத் தாருங்கள். இரண்டும் முடியாதென்றால், "கிருமிநீக்கம் செய்யப்பட்டது" என்ற தாளில் என்னிடம் கையெழுத்துக் கேட்காதீர்கள். தோழியும் கையெழுத்து வைத்தாள். திங்கட்கிழமை கொடுக்கிறோம்.