தேய்ந்த சோப்பும் பழைய நாளிதழும்

மதுரைப் புதுமண்டபத்தின் கல்தூண்களுக்கு நடுவே தலைமுறை தலைமுறையாக மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த தையல்காரர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் அணியும் உடை, சாமிக்குச் சாத்தும் துணி, கோயில் அலங்காரத் தொங்கல்கள் எல்லாம் இவர்கள் கைவேலை. இந்தக் கடைகளையும், தெருமுனைகளில் ஒற்றை மெஷினோடு பெண்கள் நடத்தும் தையல் கடைகளையும் பார்த்துவந்ததில், கருவி என்று விலைகொடுத்து வாங்கியவற்றைவிட வீட்டிலிருந்து வந்து கருவியானவையே அதிகம் கண்ணில் பட்டன. தேய்ந்த குளியல் சோப்பு, பழைய நாளிதழ், எவர்சில்வர் தட்டு, மெழுகுவத்தித் துண்டு, சிந்திய குண்டூசிகளை அள்ளப் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம். காசில்லாதவர்களின் ஒப்பேற்றல் என்று இவற்றைச் சுலபமாகக் கடந்துபோகிறோம். துணியின் குணத்தைத் தெரிந்துகொண்டவர்கள் தேர்ந்தெடுத்த கருவிகள் இவை என்பதே என் கட்சி. அந்தத் தேர்வுக்குப் பின்னால் இருப்பது முறையான தொழிலறிவு. அதை நாம் இன்னும் பாடமாக எழுதிவைக்கவில்லை.

சோப்பையே எடுத்துக்கொள்வோம். குளித்துத் தேய்ந்த வில்லையை அப்படியே மேசைக்குக் கொண்டுவருவதில்லை. ஈரம் வற்றிக் கெட்டிப்படும்வரை காயவைக்கிறார்கள். காய்ந்த சோப்பின் விளிம்பு சாக்கட்டியைவிட மெல்லியது, கோடும் மெல்லியதாக விழும். ரவிக்கையில் கைவளைவோ கழுத்துவளைவோ வெட்டும்போது ஒரு கோட்டின் தடிமன்கூடத் துணியைப் பிடிப்பாகவோ தொளதொளப்பாகவோ ஆக்கிவிடும் என்பதால் இது சின்ன விஷயமில்லை. கறுப்பு லைனிங்கில் வெள்ளைச் சோப்பு பளிச்சென்று தெரியும். முதல் அலசலில் தடமில்லாமல் போகும். ஆனால் இதே கை, பட்டு வந்ததும் சோப்பை ஒதுக்கிவிடும். பட்டை உடனே தண்ணீரில் போட முடியாது. சோப்பிலுள்ள கொழுப்பு, இஸ்திரிச் சூடு பட்டால் கறையாக நின்றுவிடக்கூடும். அங்கே தட்டினால் உதிரும் சாக்கட்டிதான். வெளிர்நிறத் துணியில் வண்ணச் சோப்புக்கும் இடமில்லை. வேறு வழியில்லாமல் கிடைத்ததை எடுக்கிறவர் இப்படித் துணி பார்த்து மாற்றிக்கொண்டிருக்க மாட்டார்.

நாளிதழின் கதை இன்னும் நுட்பமானது. அளவு உடுப்பை வைத்து வெட்டும் பேப்பர் அச்சுக்கு அது மலிவானது என்பது உண்மையே. ஆனால் மலிவு மட்டும் காரணமில்லை. நடுவில் மடித்து வெட்டினால் இரண்டு பக்கமும் ஒத்துவரும். செய்திப் பத்திகளுக்கு இடையே ஓடும் நேர்க்கோடு, துணியின் பாவு நூலோடு அச்சைப் பொருத்தி வைக்க ஆதாரமாகிறது. இந்த ஓட்டம் தப்பினால் தைத்த உடுப்பு ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். ஷிபான், ஜார்ஜெட், நெட் போன்ற வழுக்கும் துணிகளை ஊசிக்குக் கீழே நகர்த்தும் பல் சரியாகப் பற்றாது. துணி சுருங்கும், சில சமயம் உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது அடியில் ஒரு நாளிதழ்ப் பட்டையை வைத்துச் சேர்த்தடித்து, பிறகு தாளைக் கிழித்தெடுத்துவிடுகிறார்கள். பல்லுக்குப் பற்ற ஒரு பிடிமானம் கிடைக்கிறது, ஊசித்துளைகள் வழியே தாளும் சுலபமாகக் கிழிகிறது. இந்த வேலைக்கென்றே செய்யப்பட்ட தாள்கள் கடைகளில் கிடைக்கின்றன; அவையும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. வெள்ளைத் துணியில் அச்சுமை ஒட்டும் என்பதால் அங்கே பழுப்புத்தாள். தாள் வெட்டத் தனிக் கத்தரி. துணிக்கத்தரியைக் காகிதத்தில் வைத்தால் முனை மழுங்கும்.

கைத்தையல் நூல் சிக்காமலிருக்க மெழுகில் இழுப்பது, துவளும் பருத்தி லைனிங்கை வடித்த கஞ்சியில் நனைத்துக் காயவைத்து விறைப்பாக்கி வெட்டுவது என்று இன்னும் பல உண்டு. வங்காளத்துக் காந்தா மெத்தைகளில் பழைய சேலைகளே அடுக்குகளாகின்றன, அவற்றின் கரையிலிருந்து உருவிய வண்ண நூலே தையல் நூலாகிறது. இயந்திரத்தின் வரலாறும் விலக்கில்லை. 1851-இல் காப்புரிமை பெற்ற சிங்கரின் தொடக்ககால மெஷின்களுக்கு, அவை அடைத்து வந்த மரப்பெட்டியே மேசையாக இருந்தது.

இது வறுமைக்குப் பூச்சூட்டும் பேச்சு என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான கேள்வி. ஹெம்மிங்குக்கும் கொக்கி கட்டுவதற்கும் உருப்படிக் கணக்கில் சில்லறை வாங்கும் பெண்ணுக்கு நல்ல விளக்கும், முதுகு தாங்கும் நாற்காலியும், கூர்மையான கத்தரியும் வேண்டும். இவற்றுக்கு வீட்டில் மாற்றே கிடையாது. இருப்பதை வைத்துச் சமாளித்துக்கொள் என்று அவரிடம் சொல்வது அநியாயம். தமிழ்நாடு அரசு சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் ஏழைப் பெண்களுக்குத் தையல் மெஷின் தருவது சரியான வேலை. ஆனால் மெஷின் வந்தபிறகும் சோப்பும் நாளிதழும் மேசையைவிட்டுப் போவதில்லை. வசதியுள்ள பெரிய கடைகளிலும் அவை இருக்கின்றன. வறுமை ஒன்றுதான் காரணமென்றால் அங்கே அவற்றுக்கு என்ன வேலை?

வீட்டுப்பொருள் துணியையும் மெஷினையும் கெடுக்கும் என்பது இரண்டாவது மறுப்பு. சில கெடுக்கத்தான் செய்கின்றன. மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவது அப்படிப்பட்ட பழக்கம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையும், மார்கழிக் காலையில் சக்கரம் இறுகும். நாள்பட்டால் பிசுபிசுத்துப் பஞ்சுத்தூசியைச் சேர்த்துக்கொள்ளும். மெஷினுக்கென்று விற்கும் மெல்லிய எண்ணெய்தான் சரி. தையல் பிரிக்க அரை பிளேடு வேகமானது, ஆனால் ஒரு நொடி கவனம் பிசகினால் துணியோடு விரலும் போகும்; மலிவு விலைக்குக் கிடைக்கும் தையல் பிரிப்பானை வாங்கிக்கொள்வதே மேல். ஆக, வீட்டிலிருந்து வந்ததா, கடையிலிருந்து வந்ததா என்பது அளவுகோலாகாது. துணிமேல் அது என்ன செய்கிறது, கழுவினால் போகிறதா, சூட்டைத் தாங்குகிறதா, கைக்குப் பாதுகாப்பா என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள். அனுபவமுள்ள தையல்காரர்கள் இவற்றை வாய்விட்டுச் சொல்வதில்லை. அவர்கள் எதை எடுக்கிறார்கள், எதைத் தவிர்க்கிறார்கள் என்று பார்த்தால் பதில் தெரிகிறது.

தையல் பயிற்சி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அளவெடுப்பதும் வெட்டுவதும் கற்றுத்தரும் பாடத்தோடு, எந்தத் துணிக்கு எந்த வீட்டுப்பொருள் பொருந்தும், எது ஆகாது, ஏன் என்பதற்கும் ஒரு பகுதி ஒதுக்குங்கள். அதை எழுத, அக்கம்பக்கத்தில் இருபது முப்பது வருடமாக மெஷின் மிதிக்கும் ஒரு அக்காவை அழைத்து, அவருடைய நேரத்துக்கு உரிய கூலியும் கொடுங்கள்.